நானூற்று நாற்பது

சுங்கம் கட்டாத வழக்கில் சிக்கி
காரைக்குடி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில்
இரண்டு மழைக்காலம் நின்றது அந்த பிளைமவுத்.
முன்மூடியில் 440 என்று பித்தளை எழுத்து.
மின்வாரியத்தார் கம்பத்தில் மாட்டும் பலகையின் எண்.
மண்டையோட்டை மட்டும் காணோம்.

எங்கள் ஜீப் அறுபதில் இருமும்.
கோவிலூர் மேட்டில் நாங்கள் இறங்கித் தள்ள
தொண்டிக் கரையிலிருந்து கைக்கடிகாரம் ஏற்றிவரும்
வெள்ளை பியட்காரன்
வேகம் குறைத்து, கையாட்டிவிட்டுப் போவான்.
மாதம் இரண்டு தரம்.
அந்தக் கையாட்டலில்
கொஞ்சம் மரியாதையும் இருந்ததுதான் எரிச்சல்.

இன்ஸ்பெக்டர் ஞானப்பிரகாசம் கோர்ட்டில் மனுப் போட்டார்:
பொது நன்மை கருதித் தற்காலிகமாக.
நீதிபதி கையெழுத்திட்டார்.
கதவில் சுண்ணாம்பு கரைத்துக் 'காவல்' என்றெழுதினோம்.
கூரையில் ஒரு சிவப்பு விளக்கு,
பழைய ஆம்புலன்ஸில் கழற்றியது.

முதன்முதல் சாவி திருகிய காலை
மரத்துக் காக்கைகள் மொத்தமும் எழும்பின.
லாக்கப்பில் இருந்தவன் எழுந்து நின்றான்.
லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என்று
நான் சொன்னபோது ரைட்டர் உட்கார்ந்தார்.

ஸ்டீயரிங் இடப்பக்கம்.
முந்தும்போது எதிரே வருவது எனக்குத் தெரியாது.
வலப்பக்கம் கான்ஸ்டபிள் வெள்ளைக்கண்ணு
தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்ப்பான்.
"வரலாம் ஏட்டய்யா" என்றால் போவேன்.
"வேண்டாம்" என்றால் அவன் தலை உள்ளே வரும்வரை காத்திருப்பேன்.
என் கண் அவன்.
அவனுக்கோ மாலைக்கண்.
அதை அன்றிரவுதான் சொன்னான்.

அன்றிரவு, ஐப்பசி, மழை ஓய்ந்த சாலை.
ஸ்ரீராம் நகர் கேட் திறந்திருந்தது.
தூரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளி.
மிதித்தேன்.

மிதித்தது எனக்குத் தெரியும்.
அடுத்தது எஞ்சினுக்குத்தான் தெரியும்.
பாதத்துக்கும் பூமிக்கும் இடையே
எட்டு உலைகள் ஒன்றாக வாய் திறந்தன.
முதுகு சீட்டுக்குள் போயிற்று.
புளியமரங்களின் வெள்ளைப்பட்டைகள்
ஒன்றோடொன்று ஒட்டிச் சுவராயின.
எழுபது, தொண்ணூறு, நூற்றுப் பத்து.
மைல்.
கிலோமீட்டராக்கிப் பார்க்க எனக்கு மனமில்லை.
வெள்ளைக்கண்ணு கணக்கில் புலி.
கண்ணை மூடியிருந்தான்.

கானாடுகாத்தான் விலக்கு
வந்ததைப் பார்த்தேன், போனதைப் பார்க்கவில்லை.
சிவப்புப் புள்ளிகள் விளக்காயின,
விளக்கு நம்பர் பிளேட்டாயிற்று,
பிளேட்டில் ஒட்டிய செம்மண்கூடத் தெரிந்தது.
பக்கத்தில் ஒரு முகம்:
மெலிந்த மீசை, வாயில் பாதிக் கொய்யா.
கையாட்ட மறந்திருந்தான்.

அப்புறம் அவன் கண்ணாடியில் இருந்தான்.
எங்கள் கண்ணாடியில்.

பிரேக்கை மிதித்தேன்.
போக மட்டுமே படித்த வண்டி அது.
டிரம்கள் புகைந்தன, ரப்பர் தீய்ந்தது,
மிதி தரைவரை போய்த் தங்கிவிட்டது.
"முனியய்யா" என்றான் வெள்ளைக்கண்ணு,
அதுவரை தலை வெளியேதான் இருந்தது.
கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து,
சரளையில் உரசி, உரசி,
நின்ற இடத்தில்
தலைக்குமேல் கரேலென்று திருமயம் கோட்டை.
வேறு மாவட்டம்.
தொட்டியில் பெட்ரோல் சொட்டில்லை.

பியட் நிதானமாகத் திரும்பிப்
பள்ளத்தூர்ப் பாதையில் இறங்கியிருக்கும்.

விடிந்து, மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தோம்.
வழிநெடுகச் சிறுவர்கள்.
அறிக்கையில் ஒரு கட்டம்:
எதிரியைப் பிடிக்க இயலாமைக்குக் காரணம்.
நெடுநேரம் பேனாவைப் பார்த்திருந்துவிட்டு எழுதினேன்:
எதிரி பின்தங்கிவிட்டார்.

ஞானப்பிரகாசம் இரண்டு முறை படித்தார்.
எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.
திட்டப் போகிறார் என்று விறைப்பாக நின்றேன்.

"ராசு," என்றார் மெதுவாக,
"எவ்வளவு போச்சு?"